பால் குடித்தவளுக்கு உபகாரச் சம்பளம்

உபகாரச் சம்பளம் என்ற சொல்லை எவன் கண்டுபிடித்தான் என்று எனக்குத் தெரியவில்லை. உபகாரம் செய்கிறவன் அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவான். சம்பளம் கொடுக்கிறவன் அதற்கு வேலை வாங்குவான். இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கினால் என்ன கிடைக்குமோ, அதற்குத்தான் நான் விண்ணப்பம் போட்டேன்.

அப்போது எனக்கு இருபது வயது. பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் ஒரு பிளாட்டில் ஐந்தாவது மாடியில் இருந்தோம். பள்ளியில் கடைசிப் படியான ஆறாம் படிவத்தை முடித்துவிட்டுக் கடலுக்கு அந்தப் பக்கம் பிறையில் ஒரு ஃபேக்டரியில் ரேடியோ பலகைகளுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். தீவுக்கும் பிறைக்கும் நடுவே பாலம் திறந்த புதிது. அது சொந்தக் கார், எங்கள் பாஷையில் காடி, வைத்திருப்பவனுக்குத் திறந்த பாலம். எங்களைப் போன்றவர்களுக்கு அதே ஃபெரிதான்.

ஃபெரியில் விளம்பரப் பலகைகள் இருக்கும். தினமும் போக வர அதைத்தான் படிப்பேன். மலாயில் சரியாக இருக்கும், இங்கிலீஷில் சரியாக இருக்கும், சீனத்தில் எப்படியோ எனக்குத் தெரியாது. தமிழில் மட்டும் 'தலை வழிக்கு உடனடி நிவாரணம்' என்று எழுதியிருப்பான். தலைக்கு எந்த வழி? இதை எழுதியவனுக்கும் ஒருவன் சம்பளம் கொடுத்திருக்கிறான் அல்லவா? அதை நினைத்து நினைத்துத்தான் எனக்கு அந்தப் படிப்பின் மேல் ஆசை வந்தது. கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரிக்கு எழுதிப் போட்டேன். விளம்பரமும் மார்க்கெட்டிங்கும் படிக்க இடம் கொடுத்தார்கள். வருடக் கடைசிக்குள் கட்டணம் கட்டினால் இடம் எனக்கு. கட்டாவிட்டால் வேறு யாருக்காவது. அப்பா லாரி ஓட்டுகிறவர். அவரால் முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசாமல் இருந்தோம்.

அந்த நேரத்தில்தான் ஃபேக்டரி கேன்டீனில் கிடந்த பேப்பரில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். ஜார்ஜ் டவுனில் பீச் ஸ்திரீட்டில் இருந்த ஒரு விளம்பரக் கம்பெனி, ஓராங் அஸ்லி என்கிற பூர்வகுடி மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் தருகிறதாம். தகவல் தொடர்போ மார்க்கெட்டிங்கோ படிக்கப் போகிறவராக இருக்க வேண்டும். அப்பாவோ அம்மாவோ ஓராங் அஸ்லியாக இருக்க வேண்டும். அவர்களுடைய கம்போங், அதாவது கிராமத்து, தலைவரின் கடிதம் போதும். ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

என் அம்மா ஓராங் அஸ்லி. செமாய் இனம். தாப்பாவிலிருந்து உள்ளே போனால், ரோடு முடிந்த பிறகும் போனால், அவருடைய கம்போங் வரும். அப்பா தமிழர். அங்கே காட்டில் காய்க்கிற பெத்தாய்க்காய் ஏற்றுவதற்காக லாரி ஓட்டிக்கொண்டு போனவர். அம்மாவின் அண்ணன்தான் அந்தக் கம்போங் தலைவர். அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் மாமா இதைத்தான் சொல்வார்: "பெத்தாயையும் என் தங்கச்சியையும் ஒரே லாரியில ஏத்திட்டுப் போனவன். பெத்தாய்க்காவது காசு கொடுத்தான்."

அம்மா ஜெலுத்தோங்குக்கு வந்து சேலை கட்டினார், பொட்டு வைத்தார், தமிழ் பேசினார். அவருடைய தமிழ் லாரிக்காரரிடம் கற்றுக்கொண்ட தமிழ். அதில் நாசூக்கு கிடையாது. எவ்வளவு சேலை கட்டினாலும் பிளாட்டில் அவருக்குப் பெயர் சக்காய்க்காரிதான். காட்டு மக்களைத் திட்டுவதற்கு இந்த நாட்டில் எல்லா இனமும் ஒற்றுமையாகப் பயன்படுத்துகிற சொல் அது. அடிமை என்று அர்த்தம். தமிழ்ப் பள்ளியில் நான் சக்காய்க்குட்டி. அந்தப் பெயரை எனக்கு முதலில் வைத்தவள் எங்கள் மாடியிலேயே நாலாவது வீட்டில் இருந்த கிராணியின் மகள். அவளுடைய அப்பா ஒரு கப்பல் ஆப்பிஸில் கணக்கு எழுதுகிற கிராணி. டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற ஒரே ஆள் அந்த மாடியில் அவர்தான். அதனால் அந்த வீட்டுக்கே கொஞ்சம் தலை நிமிர்ந்திருக்கும்.

இதைவிடக் கேவலமான விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பெண் என் அம்மாவின் பால் குடித்து வளர்ந்தவள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் பிறந்தோம். பிரசவத்துக்குப் பிறகு கிராணியின் மனைவிக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். குழந்தை புட்டிப் பாலைக் குடிக்காமல் அழுதுகொண்டே இருந்தது. கிராணிக்கு அதைத் தூக்கவும் தெரியவில்லை. அம்மா போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்து எனக்கு ஒரு பக்கம், அவளுக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார். ஒரு மாதத்துக்கு மேல் அப்படித்தான். கிராணியின் மனைவி திரும்பி வந்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார். மாவுப்பாலில் வளர்ந்த பிள்ளை என்று எல்லோரிடமும் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.

அறிவிப்பு வந்த மறுவாரம் அப்பாவின் லாரியில் தாப்பாவுக்குப் போய் மாமாவிடம் கடிதம் வாங்கினேன். மாமாவுக்கு எழுத வராது. அங்கே இருந்த வாத்தியார் ஒருவர் மலாயில் எழுதினார். மாமா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைத்தார். "மார்க்கெட்டிங்னா என்ன, பசார்ல கடை போடுறதா?" என்று கேட்டார். விற்கக் கற்றுக்கொள்கிற படிப்பு என்றேன். "விக்கிறதுக்குப் படிக்கணுமா? உங்கப்பன் முதலாளி எங்க படிச்சான்?" என்றார்.

இது எப்படியோ நாலாவது வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. பிளாட்டில் எதுவும் தெரியாமல் இருக்காது. ஒரு சாயங்காலம் கிராணியின் மனைவி ஒரு தட்டில் கேசரியோடு எங்கள் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். இருபது வருடத்தில் முதல் தடவை.

"தங்கச்சி, இருக்கீங்களா?"

அம்மா திரும்பிப் பார்த்தார். யாரைக் கூப்பிடுகிறார் என்று உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

"உங்களைத்தான் தங்கச்சி. அந்தக் காலத்துல என் பொண்ணுக்கு நீங்க பால் கொடுத்தீங்க. அதை நான் மறக்கவே இல்ல."

"மறந்துட்டீங்கன்னுதான் நெனச்சேன்" என்றார் அம்மா.

"எப்படி மறப்பேன்? தாய்ப்பால் இல்லையா? அப்படிப் பார்த்தா அவளும் உங்க பொண்ணுதானேலா."

"குடிச்சா. கடிக்கவும் கடிச்சா."

அந்த அம்மாள் சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அவருடைய மகளும் ஏதாவது படிக்க வேண்டுமாம். பேங்க் வேலைக்கு எழுதிப் போட்டு ஒன்றும் வரவில்லையாம். என் மாமா அவளுக்கும் ஒரு கடிதம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், அவருடைய கேசரித் தட்டைக் கையில் பிடித்தபடி.

"ஒரு ஆளுக்குத்தான் கொடுக்கிறாங்க" என்றேன்.

"அது அவங்க பாடும்மா. யாருக்குத் தலையெழுத்தோ."

நான் அம்மாவைப் பார்த்தேன். மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "என் அண்ணன் கிட்டக் கேளுங்க. அவரு கொடுத்தா வாங்கிக்குங்க." அவ்வளவுதான். அவர் போன பிறகு நான் கத்தினேன். அம்மா கேசரியை வாயில் போட்டுக்கொண்டு, "குடிச்சது நெசம்தானே. இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

கிராணியின் மனைவியும் மகளும் டாக்ஸி பிடித்து ஒரு டின் பிஸ்கட்டோடு தாப்பாவுக்குப் போனார்கள். மாமா கடிதம் கொடுத்தார். ஆனால் மாமா பொய் சொல்லவில்லை. வாத்தியார் மலாயில் 'அனாக் சுசுவான்' என்று எழுதியிருந்தார். பால் கொடுத்து வளர்த்த பிள்ளை என்று அர்த்தம். மலாய்க்காரர்களிடம் கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். என் கடிதத்தில் 'என் தங்கை பெற்ற மகள்' என்று இருந்தது. இரண்டு கடிதத்திலும் ஒரே தாய். இரண்டிலும் ஒரே பெருவிரல்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். பீச் ஸ்திரீட்டில் மேல்மாடி. ஏர்கான் போட்ட ஆப்பிஸ். வெளியே எனக்காக ஒரு ஆள் காத்திருந்தார். தமிழர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், கம்பெனியில் பெரிய உத்தியோகம். அப்பா, பெரியப்பா, தாத்தா எல்லோரும் வெள்ளைக்காரன் காலத்து ரயில்வேயில் இருந்தவர்கள் என்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிட்டார். யாரும் கேட்கவில்லை. பிறகு என் நெற்றியைப் பார்த்தார்.

"பிள்ளை, அந்தப் பொட்டை அழிச்சுப்போட்டு உள்ளுக்கு வாருமன்."

"ஏன்?"

"உள்ளுக்கு இருக்கிறவைக்கு ஒரு எதிர்பார்ப்பு இருக்கெல்லே. உம்மைப் பார்த்தால் தோட்டத்துப் பிள்ளை மாதிரிக் கிடக்கு."

நான் பொட்டை அழிக்கவில்லை. கொள்கை என்று ஒன்றும் இல்லை. அவர் சொன்னதால் அழிக்கவில்லை.

உள்ளே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். பினாங்குச் சீனர், நல்ல இங்கிலீஷ். மேசை மேல் ஒரு தைல டின். அது அவர்களுடைய வாடிக்கையாளரின் சரக்கு என்றும், அந்தத் தைலக் கம்பெனிதான் இந்த உபகாரச் சம்பளத்துக்குப் பணம் தருகிறது என்றும் பிறகு புரிந்தது. டின் மேல் இடுப்புத்துணி கட்டிய ஒருவன் ஊதுகுழாயை வாயில் வைத்துக்கொண்டு எதையோ குறி பார்க்கிறான். தலையில் இலை.

என் மார்க்கைப் பார்க்கவில்லை. கல்லூரிக் கடிதத்தைப் பார்க்கவில்லை. மேனேஜர் முதலில் கேட்டது, "உங்கள் மொழியில் ஏதாவது சொல்லுங்கள்."

தமிழில் வணக்கம் சொன்னேன்.

"இது இல்லை. மற்றது."

அம்மா வீட்டில் செமாய் பேசுவது குறைவு. பேச ஆள் இல்லை. எனக்குத் தெரிந்தது கொஞ்சம். குழம்பு நன்றாக வந்தால் அம்மா ஒரு சொல் சொல்வார், அதைச் சொன்னேன். "போர்."

"இப்போதே போர் அடிக்கிறதா?" என்றார் மேனேஜர். அந்தத் தமிழர் விழுந்து விழுந்து சிரித்தார். மேனேஜர் நிறுத்திய பிறகும் இவர் நிறுத்தவில்லை. அது 'நல்லது' என்று அர்த்தம் என்றேன். குறித்துக்கொண்டார்கள்.

பிறகு மேனேஜர் டின்னை என் பக்கம் தள்ளினார். இதை எப்படி விற்பாய் என்று கேட்டார். அன்றைக்குக் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். நான் டின்னைத் திருப்பிப் பின்னால் இருந்ததைப் படித்தேன். கற்பூரம், மெந்தால், மெழுகு. செய்த இடம் பிறை.

"இதில் காட்டிலிருந்து வந்தது எதுவும் இல்லை" என்றேன். "இந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். பிறையில் என்னைப் போல ஆயிரக்கணக்கான பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்கிறார்கள். எல்லோருக்கும் கால் வலிக்கிறது. ஃபெரிக்குப் போகும் வழியில் சின்ன டின்னில் விற்றால் நாங்களே வாங்குவோம். எங்கள் பக்கத்து ஊரில் செய்தது என்று சொன்னால் இன்னும் வாங்குவோம்."

மேனேஜர் டின்னை எடுத்துப் பின்னால் இருந்ததைத் தானும் படித்தார். தமிழர்தான் குறுக்கே வந்தார். "பிள்ளை, இதை ஃபேக்டரியிலை வேலை செய்யிற ஆரும் சொல்லலாம். உம்மை இஞ்சை கூப்பிட்டது அந்தப் படத்துக்காகத்தான்."

வாயிலிருந்து உண்மை வழுக்கி விழுந்துவிட்டது. அவருக்கே அது தெரியவில்லை.

வெளியே வந்தேன். பெஞ்சில் கிராணியின் மகள் உட்கார்ந்திருந்தாள். பொட்டு இல்லை. கன்னத்தில் இரண்டு கோடு, அவளுடைய அம்மாவின் மை. தலையில் தென்னங்குருத்தில் பின்னிய ஒரு கிரீடம். கோவில் வாசலில் பூக் கட்டுகிறவனிடம் சொல்லிப் பின்னியது என்று பார்த்ததும் தெரிந்தது. தோரணத்துக்குப் போடுகிற முடிச்சு அப்படியே இருந்தது. பழக்கதோஷத்தில் நடுவில் ஒரு ரோஜாவும் வைத்துவிட்டான்.

"என்னடி கேட்டாங்க?" என்றாள்.

"கல்யாணமான்னு கேட்டாங்க" என்றேன், அந்தத் தோரண முடிச்சைப் பார்த்துக்கொண்டே.

இரண்டு நாளில் பதில் வந்தது. அவளுக்கு.

நான் ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு நேராகப் போனேன். அந்தத் தமிழரைப் பார்த்து, அவள் எப்படி ஓராங் அஸ்லி என்று கேட்டேன். அவர் இரண்டு கடிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இங்கிலீஷ் படித்த மனிதர். மலாய் அவருக்கு டிரைவரோடு பேசுகிற அளவுக்குத்தான். 'அனாக்' என்ற இடத்தில் விரலை வைத்தார். மகள். இரண்டிலும் இருக்கிறது. தாய் ஒருத்தி.

"அடுத்த சொல்லைப் படிங்க" என்றேன். "சுசுவான். பால் கொடுத்த பிள்ளை. அவ எங்க அம்மாவுக்குப் பொறந்தவ இல்ல."

"பிள்ளை, உமக்குக் கிடைக்கேல்லை எண்ட கோவம். விளங்குது. ஒரு ஆளுக்குத்தான் குடுக்கலாம். உம்மட சகோதரிதானே, சந்தோசப்படும்."

"அவ ஐசி கார்டுல அவ அப்பா பேரு இருக்கு. எங்க அப்பா பேரு வேற."

அவர் குரலைத் தாழ்த்தினார். பெரிய மனது வந்துவிட்டது அவருக்கு. "அதையெல்லாம் நாங்கள் பெரிசா எடுக்கேல்லை. காட்டு ஆக்களின்ரை குடும்பம் அப்பிடித்தானே இருக்கும். ஆர் அப்பா எண்டு நாங்கள் கேக்க மாட்டம்."

அவரை அடிக்காமல் வந்ததற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் சொல்ல வைத்தார்கள். அடுத்த வாரம் அந்த ஆளே எங்கள் பிளாட்டுக்கு வந்தார், கிராணியின் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மூச்சு வாங்கியது, லிஃப்ட் கெட்டுப்போயிருந்தது. உபகாரச் சம்பளம் கொடுக்கிற விழாவாம். பேப்பர்க்காரர்கள் வருகிறார்களாம். பெண் மட்டும் இருந்தால் போதாதாம். தாயும் பக்கத்தில் நிற்க வேண்டுமாம்.

"அக்கா, நீங்கள் ஒரு போட்டோவுக்கு வந்து நிண்டால் போதும். உங்கட ஆக்கள் கட்டுற மாதிரி ஏதும் கட்டிக்கொண்டு."

"என்ன கட்டணும்?" என்றார் அம்மா.

"உந்த மரப்பட்டை, இலை, அப்பிடி ஏதும்."

"எங்கிட்ட இருக்கிறது சேலைதான்."

"சேலை சரிவராது, அக்கா."

"அப்ப நான் வரல."

கிராணியின் மனைவி பதறிப்போனார். "தங்கச்சி, அப்படிச் சொல்லாதீங்க தங்கச்சி. சேலையே கட்டிக்குங்க. என் பட்டுச்சேலை தர்றேன்." அந்த ஆளும் இறங்கி வந்தார். சேலையே இருக்கட்டும் என்றார். நல்ல காரியம் செய்கிற நினைப்பில் கிளம்பும்போது அம்மாவுக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார். ஆர் அப்பா எண்டெல்லாம் நாங்கள் கேக்க மாட்டம், அக்கா. பயப்பிடாதையுங்கோ.

கிராணியின் மனைவி அதைக் கேட்டார். நன்றாகக் கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மகளுக்கு அப்பா யார் என்பதும் அந்த வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது. அதைக்கூட விழுங்கினார்.

அவர்கள் போனதும் அம்மா கேட்டார். "அந்த ஆளு கடைசியா என்ன சொன்னான்? அவன் தமிழு எனக்குப் பாதிதான் புரியுது."

சொன்னேன். எதையும் குறைக்காமல் சொன்னேன். நீங்கள் இரண்டு ஆம்பளைக்கு இரண்டு பிள்ளை பெற்றதாக அவர்கள் நினைக்கிறார்கள் என்றேன்.

அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கி முடித்தார். "எப்போ விழா?" என்று மட்டும் கேட்டார்.

"போகப் போறீங்களா?"

"கூப்பிட்டாங்கல்ல."

"அம்மா, நீங்க வரலன்னு சொன்னா அவளுக்குக் கொடுக்க மாட்டாங்க. எனக்குத் திரும்பவும் பார்ப்பாங்க. இன்னும் ஒரு மாசம் இருக்கு."

"நீயும் வா" என்றார்.

விழாவுக்கு அம்மா தன்னுடைய சேலையைத்தான் கட்டினார். பச்சை. பெரிய பொட்டு. மாரியம்மன் கோவிலுக்குப் போகும்போது வைக்கிற அளவு. தலை நிறையப் பூ. மேனேஜர் பார்த்ததும் அந்தத் தமிழரைத் திரும்பிப் பார்த்தார். தமிழர் வேறு பக்கம் பார்த்தார். கறி பாஃப் தட்டுகள் வரிசையாக இருந்தன. சுவரில் ஒரு பெரிய துணி, அதில் ஊதுகுழாய்க்காரன். கிராணி டை கட்டிக்கொண்டு பின்வரிசையில் யாருக்கோ சொந்தமானவர் போல நின்றார். அவருடைய மகள் புதுக் கிரீடம் வைத்திருந்தாள். இந்தத் தடவை ரோஜா இல்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

போட்டோ எடுத்தார்கள். மலாய்ப் பேப்பரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் நிருபர் அம்மாவிடம் மரியாதையாகக் குனிந்து, அத்தை முறை வைத்துக் கேட்டாள்: "மாச்சிக், இது உங்கள் மகளா?"

அம்மா மலாயில் சொன்னார். அவருடைய மலாய் அவருடைய தமிழைவிடச் சுத்தம்.

"இவள் என்னிடம் பால் குடித்தவள். நான் பெற்றவள் அதோ, கதவுப் பக்கம் நிற்கிறாள். இவளுடைய அம்மா அந்த நீலச் சேலை. இவளுடைய அப்பா பின்னால் நிற்கிறார், டை கட்டினவர். எனக்கு ஒரே புருஷன். அவர் ஈப்போவுக்கு லாரி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். நாளைக்கு வருவார்."

நிருபர் எழுதிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்தினாள். எல்லோரும் டை கட்டின ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். கிராணி டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அம்மா அத்தோடு விடவில்லை. அந்தத் தமிழருக்குப் பக்கத்தில் போய், தமிழிலும் சொன்னார்.

"கேக்க மாட்டோம்னு சொன்னியே, தம்பி. இனிமே கேளு. எம்புள்ளைக்கு அப்பன் யாருன்னு நல்லாக் கேளு."

அவர் கையில் பாதி கடித்த கறி பாஃப் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் பேப்பரில் எதுவும் வரவில்லை. கம்பெனி பேப்பர்க்காரர்களைச் சமாளித்திருக்க வேண்டும். நான் போய்க் கேட்டேன். இனிமேலாவது எனக்குத் தருவார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அவ்வளவு பட்ட பிறகும் இருந்தது. அந்தத் தமிழர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எனக்குத் தகுதி இருக்கா, இல்லையா?" என்றேன்.

"இருக்கு. இல்லையெண்டு ஆர் சொன்னது? ஆனால் உம்மட குடும்பத்தாலை எங்களுக்குப் பெரிய வெக்கக்கேடு. இந்த வருசம் ஒருத்தருக்கும் இல்லை எண்டு முடிவெடுத்திட்டினம்."

"அவ பொய் சொன்னா, நீங்க படிக்கத் தெரியாமப் படிச்சீங்க. எங்க அம்மா உண்மையைச் சொன்னாங்க. இதுல வெட்கக்கேடு எங்களாலயா?"

"சத்தம் போடாதையும், பிள்ளை."

அன்றைக்கு நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். பயன் இல்லை. சில மாதம் கழித்து அந்தத் தைலம் கடைகளுக்கு வந்தது. ஊதுகுழாய்க்காரன் அப்படியே இருந்தான். பக்கத்தில் 'பூர்வகுடி மாணவர்களுக்கு உதவும் தைலம்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். எந்த மாணவர் என்று கடைக்காரனிடம் கேட்டேன். "வாங்குறியா, இல்லையாலா?" என்றான்.

பிளாட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். விழா முடிந்த அன்றைக்கே கிராணியின் மனைவி எங்கள் வாசலில் நின்று, ஐந்து மாடியும் கேட்கும்படி வயிற்றெரிச்சல் பிடித்தவளே என்றார், நன்றி கெட்டவளே என்றார். கடைசியில் அந்தப் பழைய சொல்லும் வந்தது. சக்காய்.

அம்மா கதவைத் திறந்து வெளியே வந்தார். "நேத்து வரைக்கும் தங்கச்சின்னு சொன்னீங்க. இன்னிக்கு மாத்திட்டீங்களா? சரி. தட்டை எடுத்துட்டுப் போங்க." கேசரித் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வருடம் முடிந்தது. கல்லூரி இடம் போனது. அப்பா ஒரு நாள் அதைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் எழுந்து போய்விட்டேன்.

புது வருடத்தில் கிராணியின் மகளும் பிறைக்கு வேலைக்கு வந்தாள். எங்கள் ஃபேக்டரி, எங்கள் ஷிஃப்ட். முதல் சில நாள் ஃபெரியில் தள்ளி நின்றாள். பிறகு ஒரு காலையில் கூட்டத்தில் நெருக்கப்பட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்கம்மா சும்மா ஆமான்னு சொல்லியிருந்தா நான் இப்ப கோலாலம்பூர்ல இருப்பேன்லா."

"இருந்திருப்பே."

"மூணு நாள் அந்த இலையை வெச்சுக்கிட்டு வீட்டுல நடந்து பழகினேன். தலையெல்லாம் அரிப்பு."

நான் கடலைப் பார்த்தேன். சிரிக்கக் கூடாது என்று இருந்தேன்.

"ஆமா, அது என்ன படிப்புடி? டிவி விளம்பரத்துல நடிக்கச் சொல்லிக் கொடுப்பாங்களா?"

அவளுக்கு அது என்ன படிப்பு என்றே தெரியாது. என் ஒரு வருடத்தை, என் இடத்தை, என் அம்மாவின் பெயரை எல்லாம் வாங்கிக்கொண்டு போய்க் கெடுத்தவளுக்கு, எதைக் கெடுத்தோம் என்றுகூடத் தெரியவில்லை. அவளைத் தூக்கிக் கடலில் போட்டிருக்கலாம். ஆள் கூட்டம் அதிகம்.

அதனால் சொன்னேன். ஒரு சாமானை யார் வாங்குவார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அவர்களுக்குப் புரிகிற சொல்லில் எப்படிச் சொல்வது, அதை எந்த இடத்தில் எந்த நேரத்தில் சொல்வது என்று கல்லூரியின் பாடத் திட்டத்தில் இருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். எனக்கு அது மனப்பாடம். பலகையில் இருந்த 'தலை வழி'யைக் காட்டி, இதில் என்ன பிழை என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அதையும் சொன்னேன். மறுகரை வரும்வரை நிறுத்தவில்லை. நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று யாரும் உருக வேண்டாம். அவளுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் சொன்னேன்.

"நல்ல படிப்பாத்தான் இருக்கு" என்றாள், பலகையைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா" என்றேன்.

ஃபெரி கரையில் இடித்து நின்றது. சங்கிலியை எடுத்ததும் எல்லோரும் ஓடினார்கள். ஃபேக்டரி பஸ் யாருக்காகவும் நிற்காது. நாங்களும் ஓடினோம்.